அப்பா கம்ப்யூட்டரைப் பூட்டியது யார்?

அன்புள்ள மாப்ளைக்கு,

நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே மதுரையில் எல்லாம் வழக்கம்போல. செந்தட்டி மறுபடியும் கடையை மாற்றிவிட்டான். அந்தக் கதையை அவனே உனக்கு அரை மணி நேரம் சொல்வான், நான் எதற்கு.

விஷயத்துக்கு வருகிறேன். "அப்பா கம்ப்யூட்டர் ஸ்லோவாம், அந்தப் பக்கம் போனா ஒரு எட்டு பாத்துட்டு வாடா" என்று மஸ்கட்டிலிருந்து உத்தரவு போட்டாயே, பார்த்துவிட்டேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டாவது வாக்கியத்தை முடிக்கும் முன்னால் "சரி சரி, ரெடியாயிடுச்சுல்ல?" என்பாய். இது அப்படிக் கேட்டு முடிக்கிற சமாச்சாரம் இல்லை. அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

ஸ்லோ என்பது உண்மைதான். திரையில் எதுவுமே திறந்திருக்கவில்லை, ஆனால் ஃபேன் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. கை தன்னால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தியது. எது எது ஓடுகிறது என்று காட்டுகிற டாஸ்க் மேனேஜர் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு சின்னப் பெட்டி: உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் இதை முடக்கி வைத்திருக்கிறார். சரி, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்துகிற எடிட்டரைத் திறப்போம் என்றால் அதற்கும் அதே பதில். கட்டளை தட்டுகிற கமாண்ட் பிராம்ப்ட் கறுப்பாக எட்டிப் பார்த்து, அதே வசனத்தைச் சொல்லி, ஏதாவது ஒரு பட்டனை அழுத்து என்று கேட்டு, அழுத்தியதும் போய்விட்டது. விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றுகிற எம்எஸ்கான்ஃபிக்கோ ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மவுஸ் பக்கத்தில் வட்டம் ஒரு சுற்று சுற்றியது, அவ்வளவுதான்.

உன்னிடம் சொல்வதற்கு என்ன, எனக்கு உள்ளுக்குள் குஷி. நாம் நைட் ஷிஃப்ட் பார்த்த கம்ப்யூட்டர் சென்டர் காலம் அப்படியே திரும்பி வந்த மாதிரி இருந்தது. ப்ரான்டாக் வைரஸ் ஞாபகம் இருக்கிறதா? ரெஜிஸ்ட்ரி என்று ஜன்னல் தலைப்பில் வந்தாலே மெஷினை ரீஸ்டார்ட் செய்து நம்மைப் பைத்தியமாக அடித்ததே, அதேதான். ஃபோல்டர் ஆப்ஷன்ஸையும் ஒளித்து வைக்கும். பென் டிரைவில் ஃபோல்டர் படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நியூ ஃபோல்டரை டபுள் கிளிக் செய்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்ற ப்ராஜெக்ட் அக்காவை நான் மறக்கவில்லை. நீ எப்படி மறப்பாய்!

இப்போது நடந்ததைக் கேள். எடுத்த எடுப்பில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: சிஸ்டம் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்கிற எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளை. கமாண்ட் பிராம்ப்டைப் பூட்டியவன், அதே மாதிரி கட்டளை தட்டுகிற பவர்ஷெல்லை மறந்துவிட்டான், அதில் ஓட்டினேன். அம்மா டீ கொண்டுவந்து, நான் குடித்து, டம்ளரை எடுத்துப் போகும்வரை ஓடியது. முடிவில் சிஸ்டம் கோப்புகளில் ஒரு பழுதும் இல்லை என்றது. கோப்பு கெட்டுப்போய் டாஸ்க் மேனேஜர் திறக்கவில்லை என்றால் எஸ்எஃப்சி, அதற்கும் மசியாவிட்டால் இன்னும் ஆழமாகப் பழுது பார்க்கிற டிஸ்ம் என்று இரண்டு கட்டளையில் வீட்டுக்குப் போயிருப்பேன். இங்கே கருவிகள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, யாரோ திறக்க விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் செட்டிங்ஸில் புதிதாக ஒரு யூசர் கணக்கு தொடங்கி அதில் நுழைந்து பார்த்தேன். அங்கே டாஸ்க் மேனேஜர் சமர்த்தாகத் திறந்தது! எம்எஸ்கான்ஃபிக் மட்டும் அங்கேயும் ஊமை. அதாவது பூட்டு இரண்டு வகை. ஒன்று சார், அதாவது கணக்கு வாத்தியாரான உன் அப்பா, நுழைகிற யூசர் கணக்கில் மட்டும் இருப்பது, ரெஜிஸ்ட்ரியில் அந்த யூசருக்கான பாலிசீஸ் பகுதியில் முடக்கு என்று 1 போட்டு வைத்தால் போதும். ஆபீஸ்களில் ஊழியர் கை வைக்காமலிருக்க மைக்ரோசாஃப்டே கொடுத்திருக்கிற வசதி அது. வீட்டு கம்ப்யூட்டரில் ஏது ஆபீஸ்? சார் வைத்திருப்பது ஹோம் எடிஷன், இந்தப் பூட்டுகளைப் போடுகிற குரூப் பாலிசி எடிட்டரே அதில் கிடையாது. தெரியாமல் கை பட்டு ஆன் ஆகிவிட்டது என்று சொல்லவும் வழியில்லை.

இன்னொன்று மெஷின் முழுவதற்கும் சேர்த்துப் போட்ட பூட்டு. ரெஜிஸ்ட்ரியில் இமேஜ் ஃபைல் எக்ஸிக்யூஷன் ஆப்ஷன்ஸ் என்று ஒரு இடம் உண்டே, ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் பிழை தேடுவதற்காக வைத்தது. இந்தப் பெயரில் ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் அதற்குப் பதில் அந்த டீபக்கரைத் திற என்று அங்கே எழுதி வைக்கலாம். விண்டோஸ் கேள்வி கேட்காமல் செய்யும். டாஸ்க் மேனேஜரை விட விவரமாகக் காட்டுகிற ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவி டாஸ்க் மேனேஜரின் இடத்தில் தன்னை உட்காரவைத்துக்கொள்வதும் இதே வழியில்தான். நல்லவனுக்கும் அதே வாசல், திருடனுக்கும் அதே வாசல்.

நம் குலதெய்வம் மார்க் ருசினோவிச் இருக்க பயமேன்! அவரும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-ல் ஆரம்பித்த, இந்த மாதிரி விண்டோஸ் கருவிகளைத் தருகிற சிஸ்இன்டர்னல்ஸை 2006-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது "போச்சுடா, இனி காசு கேப்பானுங்க" என்று ஒரு வாரம் புலம்பினாய். இன்றுவரை ஓசிதான், மாப்ளே. தானாகத் தொடங்குகிற ப்ரோக்ராம்களையெல்லாம் காட்டும் அவர்களுடைய ஆட்டோரன்ஸை என் பென் டிரைவிலிருந்து ஓட்டினேன். அதுவும் ஊமை! பூட்டு கோப்பின் பெயரை வைத்துத்தானே, பெயரை 'கணக்கு' என்று மாற்றினேன். பட்டென்று திறந்தது. சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கணக்குன்னா எல்லாம் திறக்கும்டா" என்றார். அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று ஆமாம் சார் என்றேன்.

அதில் இமேஜ் ஹைஜாக்ஸ் என்ற பக்கத்தைத் திறந்தால் வரிசையாக நிற்கிறது. எம்எஸ்கான்ஃபிக், ஆட்டோரன்ஸ், ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர், நாலைந்து ஆன்டிவைரஸ்களின் இன்ஸ்டாலர். அத்தனையும் ஆப்டேட்டா என்கிற மறைவான ஃபோல்டருக்குள் ஒளிந்திருந்த ஒரே ஒரு கோப்பைக் காட்டின. ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரருக்கும் பெயர் மாற்றித் திறந்தேன். அதே ஃபோல்டரிலிருந்து ஓடிய இன்னொன்று சிபியுவில் பாதிக்கு மேல் தின்றுகொண்டிருந்தது. யாருக்கோ கிரிப்டோ காசு தோண்டுகிறது, கரன்ட் பில் சார் கட்டுகிறார். டாஸ்க் மேனேஜரை ஏன் முதலில் பூட்டினான் என்பது அப்போது விளங்கியது. களவுக்கு வருகிறவன் வீட்டு நாயின் வாயைத்தானே முதலில் கட்டுவான்.

பாலிசியில் இருந்த 1-ஐ பவர்ஷெல் வழியாக அழித்தேன். டாஸ்க் மேனேஜர் வந்தது. ஒரு விக்கல் நேரம்தான், மறுபடி பூட்டு. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுகிற டாஸ்க் ஷெட்யூலரில் ஏதோ அப்டேட் என்று அப்பாவி மாதிரி பெயர் வைத்துக்கொண்டு ஒன்று உட்கார்ந்து, அழிக்க அழிக்க எழுதிக்கொண்டிருந்தது. விண்டோஸோடு வருகிற ஆன்டிவைரஸான டிஃபெண்டர் என்ன செய்கிறது என்று போய்ப் பார்த்தால், சி டிரைவ் முழுவதையும் சோதிக்க வேண்டாம் என்று விலக்குப் பட்டியலில் போட்டிருக்கிறான். மேலே ஒரு வரி: இந்த அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது. ரிட்டயர்டு கணக்கு வாத்தியாருக்கு எந்த நிறுவனம்?

எப்படி நுழைந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவன் யாரும் இல்லை. ஆனால் சார் எஸ்எஸ்டி டிஸ்க் மாற்றுவதற்குக் கொடுத்த கடையில் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸையும் 'ஃப்ரீயா' போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதை ஆக்டிவேட் செய்கிற கருவி இன்னும் டவுன்லோட்ஸில் கிடக்கிறது. வில்லங்கக் கோப்பின் தேதியும் அதன் தேதியும் ஒன்று. அந்த மாதிரிக் கருவிகளோடு வருகிற குறிப்பில் முதல் வரியே ஆன்டிவைரஸை ஆஃப் செய் என்பதாகத்தான் இருக்கும். அதைச் செய்துவிட்டால் மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

இனிதான் நான் உண்மையில் சொல்ல வந்தது.

"சார், இது எப்போதிலிருந்து இப்படி வருது?" என்று கேட்டேன். ரொம்ப நாளாக வருகிறது என்றார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றதற்கு, "அது அவன் செஞ்சு வச்சதுப்பா" என்றார். எவன் என்றேன். "என் மவன்தான். அவன் பேர்லதான கம்ப்யூட்டரே திறக்குது. நான் எதையாச்சும் அமுக்கிக் கெடுத்துருவேன்னு பூட்டி வச்சிருக்கான். நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பான்."

நீ வாங்கிக் கொடுத்தபோது உன் பெயரிலேயே கணக்கு தொடங்கிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாய், இல்லையா? ஒவ்வொரு முறையும் திரையில் முதலில் வருவது உன் பெயர், அப்புறம் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதிக்கவில்லை என்கிற பெட்டி. மனுஷன் வேறு எப்படி நினைப்பார்? நாற்பது பேர் இருக்கிற வகுப்பை ஒரு பார்வையில் அடக்கியவர், மகன் தன்னை நம்பவில்லை என்று முடிவு கட்டி, அதற்கு அவரே ஒரு நியாயமும் கண்டுபிடித்து, பேசாமல் இருந்திருக்கிறார். வாரா வாரம் வீடியோ காலில் உன்னிடம் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சார், இது உங்க பையன் வேலை இல்ல, எவனோ திருட்டுப் பய வேலை" என்று அந்த ஆப்டேட்டா ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்குக் கிட்டப் போய் ஒவ்வொரு வரியாகப் படித்தார். திருட்டுப் பயல் என்றதும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது எனக்கு உன் மேல் கோபமே வந்தது. உன் மேல் தப்பில்லை, தெரியும். இருந்தாலும் வந்தது.

சரி, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பூட்டையெல்லாம் ஒவ்வொன்றாக உடைத்து மெஷினை மீட்கத்தான் எனக்கு ஆசை. டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டினால் பெரும்பாலானது போயிருக்கும். ஆனால் அட்மின் உரிமையோடு உள்ளே வந்து, விலக்குப் பட்டியல் போட்டு, ஷெட்யூலரில் ஆள் வைத்துவிட்டுப் போனவன் வேறு எங்கே என்ன வைத்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அதே மெஷினில் சார் பென்ஷன் அக்கவுன்ட்டைப் பார்க்கிறார், ஈபி பில் கட்டுகிறார், பாஸ்வேர்டு எல்லாம் பிரவுசரிலேயே சேமித்து வைத்திருக்கிறார். அதனால் டிஸ்கை மொத்தமாகத் துடைத்துவிட்டேன். என் வீட்டு மெஷினில் 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸை இறக்கிக் கொண்டுபோய்ப் புதிதாகப் போட்டேன். மதர்போர்டு அதேதான் என்பதால் லைசென்ஸ் தானாக வந்துவிட்டது. டாக்குமென்ட்டுகளை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். டியூஷன் பிள்ளைகளுக்கு அவர் டைப் செய்து வைத்திருக்கும் கணக்குப் புதிர்கள் அத்தனையும் பத்திரம். கேட்டால் உனக்கு அனுப்புவார், உன்னால் போட முடியாது.

பாஸ்வேர்டுகளை என் போனில் உட்கார்ந்து மாற்றினோம், அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. பேங்க் ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பார்த்தார், பைசா போகவில்லை. போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும் என்று காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். உன் மெயிலையும் அந்த மெஷினில் திறந்திருக்கிறாய். நீயும் மாற்று, இன்றைக்கே. எல்லா டிவைஸிலிருந்தும் வெளியேறு என்பதையும் சேர்த்துச் செய். பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே நுழைய உதவும் குக்கீகளையும் இந்த வகை வைரஸ்கள் அள்ளிக்கொண்டு போகும்.

மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்குப் பதில் இலவசமான லிப்ரே ஆஃபீஸ் போட்டிருக்கிறேன். "பட்டன் எல்லாம் இடம் மாறிப் போச்சு" என்று காலையிலும் மாலையிலும் எனக்கு போன் வருகிறது. அதை அப்படியே உன் பக்கம் திருப்பிவிட எண்ணம்.

நீ முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த மெஷினில் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ3 பிராசஸர். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக அதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், அதையே நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாது. புதிதாக ஒன்று வாங்கு, இல்லாவிட்டால் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போடட்டுமா சொல். என் ஓட்டு மின்ட்டுக்கு. சாருக்குப் பிரவுசரும் டைப் செய்ய ஒரு இடமும் போதும்.

இப்போது அவர் பெயரிலேயே சாதாரண யூசர் கணக்கு இருக்கிறது. அட்மின் கணக்கு தனி. அதன் பாஸ்வேர்டை அவரே யோசித்து வைத்து, டைரியில் எழுதி, பீரோவில் பூட்டிவிட்டார். உனக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அவனுக்கு எதுக்கு?" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மழையைப் பற்றிப் பேச ஆரம்பிக்காதே. நீயாக இதை எடு.

உன்,
பழைய நைட் ஷிஃப்ட்