ஆகிலும்

கேத்தி, நீலகிரி
மே 14

அன்புச் சிநேகிதிக்கு,

ஆண்டவருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தலையணைக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன். போனில் பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கேட்டிருக்கும் கேள்விக்குப் போன் போதாது.

முதலில் ஊர்ச் சேதி. கோடை மழை நான்கு நாள் நன்றாகப் பெய்தது. கேரட் விதைத்தவர்களுக்குச் சந்தோஷம். எனக்கு முட்டிவலி பழையபடிதான், படி இறங்கும்போது மட்டும் படுத்துகிறது. பேத்திக்கு இப்போது ரயில்தான் உலகம். குன்னூரிலிருந்து வண்டி ஏறிவரும் சத்தம் கேட்டால் சாப்பாட்டை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறாள். நீ வந்திருந்தபோது நாம் இரண்டு பேரும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோமே, அந்த பெஞ்சைப் பார்த்தால் உன் ஞாபகம்தான்.

நீ எழுதியிருந்தாய்: "விசுவாசம் வந்தால்தானே கீழ்ப்படிய முடியும்? எனக்கு உள்ளே ஒன்றும் அசையமாட்டேன் என்கிறது. நம்பிக்கை இல்லாமல் செய்தால் அது வேஷம் இல்லையா?" இதே கேள்வியை வைத்துக்கொண்டு நான் இரண்டு வருஷத்தை வீணாக்கினேன். அதை உனக்கு இதுவரை சொன்னதில்லை.

தம்பிக்கும் எனக்கும் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் என்று மட்டும் பாதிதான் சொல்லியிருக்கிறேன். அப்பா போனபிறகு தேயிலைக் காட்டைப் பிரித்தபோது, எல்லைக்கல்லை அவன் என் பக்கம் நகர்த்திவிட்டான் என்று சொந்தக்காரர் வீடெல்லாம் சொன்னேன். சபையிலும் சொன்னேன். பிறகு சர்வேயர் வந்து அளந்தார். கல் சரியான இடத்தில்தான் இருந்தது. அந்தத் தாளை மடித்து பீரோவில் வைத்தேனே தவிர, யாரிடமும் வாய் திறக்கவில்லை. தினமும் மட்டும் ஜெபம் பண்ணினேன், "கர்த்தாவே, தம்பியின் மனதை மாற்றும்" என்று. அவர் ஏற்ற காலத்தில் செய்வார் என்று நம்பிக் காத்திருப்பதாகவும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். நான் செய்யவேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே, அதற்கு நம்பிக்கை என்று பேர் வைத்திருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நாளில் மத்தேயு ஐந்தாம் அதிகாரம் வாசித்தார்கள். காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்லும் இடம். எத்தனை தரம் கேட்டிருப்போம்! "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்ற வார்த்தை அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. எனக்கு அவன்மேல் என்ன குறை என்று ஆண்டவர் கேட்கவே இல்லை. அவனுக்கு என்மேல் என்ன குறை என்று கேட்கிறார். அன்று திருவிருந்துக்கு எழுந்திருக்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து லூக்கா ஐந்தை எடுத்தேன். மீன்பிடிக்கிற பேதுருவிடம் ஆண்டவர் வலையைப் போடச் சொல்கிறார். அவன் சொல்வதைப் பார்: "ஐயரே, இராமுழுதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை, ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்." அவனுக்கு அந்தக் கடல் கைரேகை மாதிரி. ராத்திரி முழுக்கக் கிடைக்காத மீன் பகலில் கிடைக்காது என்று தெரியும். வலையையும் அலசியாயிற்று. "நம்புகிறேன்" என்று அவன் சொல்லவில்லை. அலுப்பை அலுப்பென்றே சொல்கிறான், ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த "ஆகிலும்". வலையைப் போடுவதற்கு முன் "ஐயரே" என்றவன், மீனைப் பார்த்தபின் முழங்காலில் விழுந்து "ஆண்டவரே" என்கிறான். அந்த ஒரு வார்த்தை மாறுவதற்கு இடையில் நடந்தது வலை இறக்கியதுதான். சிலுவைக்கு முந்தின இரவு ஆண்டவர் ஜெபித்த கெத்செமனேயிலும் அதே சொல்தான் வருகிறது, கவனித்திருக்கிறாயா? "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல." நம் ஆண்டவரே அந்தச் சொல்லின் வழியாகத்தான் போனார் என்றால், அதைச் சொல்லிக்கொண்டு கீழ்ப்படிவது எப்படி வேஷமாகும்?

எங்கள் ஊரையே எடுத்துக்கொள். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் சுவிசேஷம் சொல்ல 1846-ல் இங்கே வந்தார்கள். இந்த மலையின் படகர் மக்களில் முதல் ஞானஸ்நானம் 1858-ல். பன்னிரண்டு வருஷம்! தினமும் இந்தப் பனியில் எழுந்து, சுவிசேஷம் சொல்லி, வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் விசுவாசம் பொங்கி வழிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

லூக்கா வாசித்த மறுநாள் சர்வேயர் தாளை எடுத்துக்கொண்டு தம்பியிடம் போனேன். ஓடையைத் தாண்டினால் அவன் காடு. கால் நடுங்கியது. மனதுக்குள் நம்பிக்கை ஒரு குண்டுமணி அளவுகூட இல்லை, சத்தியமாக. அவன் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தான். உனக்குத்தான் தெரியுமே, நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை இடுப்பளவு செடியை முழங்கால் அளவுக்கு வெட்டிவிடவேண்டும், பிறகு இரண்டு மூன்று மாதம் கொழுந்தும் இல்லை, காசும் இல்லை. காடு முழுக்க வெறும் குச்சியாக நின்றது. தாளை நீட்டி, "கல் சரியாத்தான் இருக்கு. நான் சொன்னது தப்பு. சொன்ன வீட்டுக்கெல்லாம் போய் நானே சொல்றேன்" என்றேன். தாளை வாங்கிப் பார்த்தான். "சரி" என்றான். திரும்பிக் கத்தியை எடுத்துக்கொண்டான்.

அவ்வளவுதான். அழுகை, கட்டிப்பிடிப்பு எதுவும் இல்லை. திரும்பி நடக்கலாம் என்று நினைத்தபோது, பக்கத்தில் ஒரு டப்பாவில் போர்டோ பசை என்ற நீல மருந்து கலந்து வைத்திருந்தது கண்ணில் பட்டது, வெட்டின செடிக்குத் தடவுவதற்கு. அப்பா காலத்தில் அது என் வேலை. கேட்காமலே எடுத்துத் தடவ ஆரம்பித்தேன். சாய்வாக வெட்டிய முனை ஒவ்வொன்றிலும் பச்சை ஈரம் மினுங்கியது, அதன்மேல் நீலம். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "அக்கா, வெட்டுன இடத்துல மட்டும் வை. பட்டையில வேண்டாம்."

ஆறு வருஷத்துக்குப் பிறகு அக்கா என்கிறான்.

சொன்ன வீடுகள் பதினொன்று. ஒன்பதுக்குப் போய்விட்டேன். ஒரு வீட்டில் தண்ணீர்கூடத் தரவில்லை, நியாயம்தான். தம்பி மனைவி இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் ஜெபத்தில் உட்கார்ந்தால், அவர் கேட்கிறார் என்று இப்போது நம்பமுடிகிறது. இந்த நம்பிக்கை ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்தவரை எனக்கு வரவே இல்லை. ஈஸ்டர் அன்று திருவிருந்துக்குக் கை நீட்டியபோது நகக்கண்ணில் நீலம் இன்னும் இருந்தது.

இன்னொரு விஷயம், இதைக் கோபத்தோடேதான் எழுதுகிறேன். உன் ஜெபக்குழுவில் ஒருவர், சர்க்கரை மாத்திரையை நிறுத்து, கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார், கீழ்ப்படி என்றாராமே. அதற்குக் கீழ்ப்படியாதே. பவுலே பேசியபோதும் பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். பேதுருவின் "ஆகிலும்" என்ற சொல்லை நமக்கு எழுதி வைத்த லூக்காவையே வேதம் பிரியமான வைத்தியன் என்கிறது. கீழ்ப்படிவது ஆண்டவருடைய வார்த்தைக்கு. அவர் பேரைச் சொல்லிப் பயமுறுத்துகிற எவருக்கும் அல்ல. உன் மகளோடு பேசவேண்டும் என்று உனக்கே தோன்றுவதாக எழுதியிருக்கிறாயே, அதைச் செய். மனம் அசைந்தபிறகு என்று காத்திராதே. அவள் போனை எடுக்காவிட்டால் நாளைக்கு மறுபடி கூப்பிடு.

பிளம்ஸ் பழுக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த வாரம் உன் ஊர்ப்பக்கம் போகிறவர்களிடம் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். நீ இரண்டுக்குமேல் தின்னாதே, மீதி பிள்ளைகளுக்கு. டாக்டரைப் பார்த்துவிட்டு, என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

உன் பழைய சிநேகிதி