சேன்பியேர் முத்திரை

முத்தியால்பேட்டை,
9.8.2025

அன்பு மகள் கயலுக்கு அப்பா எழுதுவது.

வனிலா வந்து சேர்ந்தது. பிரித்ததும் கூடம் முழுக்க மணம். அம்மா இரண்டு காயைச் சர்க்கரை டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். மீதியை அத்தைக்குக் கொஞ்சம், அண்ணனுக்குக் கொஞ்சம் என்று பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் பொட்டலத்தின் மேல்தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். முத்திரையில் சேன்பியேர் என்று இருக்கிறது. நீங்கள் இருப்பது சேன்தெனி. அது பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனின் வடக்கு முனை, சேன்பியேர் தெற்குக் கரை, காரில் போனாலும் எண்பது கிலோமீட்டர் இருக்கும். ஆஸ்பத்திரி வேலையாகப் போன இடத்தில் போட்டிருப்பாய். அப்படித்தான் அம்மாவிடமும் சொன்னேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

போனிலேயே கேட்கலாமே என்பாய். போனை எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். நீயும் "நல்லா இருக்கேன்பா, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். நமக்கும் உங்களுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே ஏழரை. ஏழரைக்கு எந்த டியூட்டி தொடங்குகிறது என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். சரி, அது போகட்டும்.

நீ அனுப்பின படங்களைத் தினமும் பார்க்கிறேன். மாயிதோ மலைமுகட்டுப் படம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. மாஃபாத் பள்ளத்தாக்கு அடி வரைக்கும் தெளிவாகத் தெரிகிறது. அங்கே காலை ஒன்பது பத்துக்கெல்லாம் மேகம் ஏறிவிடும், அப்புறம் எட்டிப் பார்த்தால் வேட்டி காயப்போட்டாற்போல வெள்ளைதான். உன் படத்தில் அவ்வளவு தெளிவு இருக்கிறதென்றால் இருட்டோடு கிளம்பியிருக்க வேண்டும். இருட்டில் அந்த மலைப்பாதையில் கார் யார் ஓட்டினது? எல்பூர் கிராமத்துப் படத்திலும் நீ மட்டும், பின்னால் ஓரத்தில் மரப்பூவேலை வைத்த அந்தப் பழைய வீடு. எர்மித்தாஜ் கடற்கரைப் படத்தில் மணலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடக்கிறது. அது உன்னுடையதுதான், போன தடவை நேரு வீதியில் வாங்கினது.

கடலில் குளித்தால் பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் ஏரிபோன்ற பகுதியில் மட்டும் குளி. வெளியே போகாதே. 2011க்குப் பிறகு சுறா எத்தனை பேரை இழுத்தது என்று உனக்கே தெரியும். 2013இலிருந்து தடையே போட்டு வைத்திருக்கிறார்கள். நான் அங்கே இருந்த காலத்தில் சுறாவைப் பற்றி யாரும் இவ்வளவு பேசினதில்லை. பவளப்பாறைக்கு வெளியே போகாதே.

மாஃபாத்துக்குள் இறங்குவதாக இருந்தால் தனியாக இறங்காதே. அங்கே ரோடு கிடையாது. குடியிருக்கிற எழுநூறு எண்ணூறு பேருக்கும் அரிசி, காஸ் சிலிண்டர் எல்லாம் ஹெலிகாப்டரில்தான். கால் பிசகினால் கூப்பிட ஆள் கிடையாது. மாஃபாத், சிலாவோஸ், சலாசி மூன்றும் எரிமலை உட்கார்ந்து இடிந்து, அப்புறம் மழை அரித்து அரித்து ஆன கிண்ணங்கள். நடுவில் பித்தோன் தே நேழ் சிகரம், 3,070 மீட்டர். அந்தக் காலத்தில் தோட்டத்திலிருந்து தப்பி ஓடின அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடங்கள். யுனெஸ்கோ 2010இல் உலகப் பாரம்பரியம் என்று பட்டம் கொடுத்தது மலைக்கும் செங்குத்துப் பாறைக்கும். மேலே ஏறி ஒளிந்தவனுக்கு யார் பட்டம் கொடுத்தது? இந்த வனிலாவையே எடுத்துக்கொள். 1841இல் எத்மோன் அல்பியூஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைப் பையன் ஒரு சிறு குச்சியையும் கட்டைவிரலையும் வைத்து வனிலாப் பூவில் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். அதை வைத்து உலகமே சம்பாதித்தது. அவன் ஏழையாகவே செத்தான்.

இதெல்லாம் உனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு கேட்ட கதைகள்தான். சேன்த்ரோஸ் சர்ச் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாய். 1977இல் எரிமலைக் குழம்பு ஊரை மூடிக்கொண்டு வந்து சர்ச் வாசற்படியில் ஏறி நின்றது, உள்ளே போகவில்லை, இரண்டு பக்கமும் பிரிந்து போய்விட்டது. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கறுப்புப் பாறையை நான் கையால் தொட்டேன் என்பேன். நீ என் கையைப் பிடித்துப் பார்ப்பாய். பன்னிரண்டு வயதில் ஒரு நாள், "ஏம்பா, நீங்க ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை, எரிமலைக்கும் மலைக்கும் போக எப்பப்பா லீவு கொடுத்தாங்க?" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

போன வாரம் ரொட்டிக்கடையில் ஒருவர் உன்னைப் பற்றி விசாரித்தார். நம் தெருவில் பிரான்சுக்குப் போனவர்கள் நிறைய. தாத்தா 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமைக்குப் போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு விமானம் ஏறினவர்கள்தான் எல்லாரும், நான் உட்பட. பரீட்சை எழுதி, சொந்தமாக வேலை தேடிக்கொண்டு போனவள் என் பெண் ஒருத்திதான் என்று அவரிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஆனால் பார், பொங்கலுக்கு ஒரு மணி நேரம் பேசினவள் சித்திரை ஒன்றுக்குக் கூப்பிடவில்லை. அம்மா பிறந்தநாளுக்கு ஒரு ரோஜாப்பூப் படம் வந்தது. அம்மா அதற்கே சந்தோஷப்பட்டாள் என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 28 காரான்ஸ் புயல் அன்று எங்களுக்குத் தூக்கமே இல்லை. உன் போன் அடிக்கவில்லை, கடைசியில் மாப்பிள்ளைதான் யார் போனிலிருந்தோ பேசினார். நாங்கள் அவரிடம் கடைசியாகப் பேசினது அதுதான். அவருக்கும் வேலை இருக்கும். கேட்டேன் என்று சொல். கேட்டேன் என்று சொல்லத் தோதுப்படாவிட்டால் சொல்ல வேண்டாம்.

புயல் என்று எழுதினதும் கை நின்றுவிட்டது. நேற்று ஆடி வெள்ளி, கோயிலிலிருந்து வந்து எழுத உட்கார்ந்தேன். இந்த இடத்தோடு மடித்து வைத்துவிட்டேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நம் வீட்டில் 'இயசிந்த் வருஷம்' என்று ஒன்று உண்டு. அந்த வருஷம்தான் அம்மாவின் நாலு வளையல் அடகுக்குப் போனது. புயலில் தபால் நின்றுபோய் அப்பாவின் கடிதமும் பணமும் ஏழு மாதம் வரவில்லை. அண்ணன் கைக்குழந்தை. இதுதான் நீங்கள் கேட்டு வளர்ந்தது.

இயசிந்த் புயல் நிஜம். 1980 ஜனவரி. மேலே எரிமலைப் பக்கம் கொமேர்சோன் என்ற இடத்தில் பதினைந்து நாளில் 6,083 மில்லிமீட்டர் மழை, இன்றைக்கும் அதுதான் உலகச் சாதனை. நம் ஊரில் நாலு வருஷம் பெய்தாலும் அவ்வளவு வராது. 25 பேர் செத்தார்கள். ஆனால் நான் எழுதாமல் விட்டது அதற்கு முந்தின மாதத்திலிருந்து. டிசம்பரிலேயே என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். கணக்கில் துண்டு விழுந்தது. நான் எடுக்கவில்லை, ஆனால் தப்பு என்னுடையதுதான், ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். முதலாளி அதை நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். வேறு வேலை கிடைத்ததும் இரண்டையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தள்ளினேன். ஒரு வாரம் தள்ளினதும் அடுத்த வாரம் எழுத இன்னும் கூச்சமாக இருந்தது. பிறகு புயல் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. தீவே மூழ்கிக் கிடக்கிறபோது என் கடிதத்தை யார் எதிர்பார்ப்பார்கள்?

அந்த மாதங்களில் சேன்ஆந்த்ரேயில் ஒரு கிழவியின் தகரக் கொட்டகையில் இருந்தேன். அவருடைய கொள்ளுத்தாத்தா காரைக்காலிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறினவராம். 1848இல் அடிமைகளை விடுதலை செய்த பிறகு நம் பக்கத்து ஆட்களை ஒப்பந்தத்தில் கொண்டுபோய்க் குவித்தார்களே, அந்த வம்சம். தமிழ் பேச வராது. ஆனால் கறிவேப்பிலையைக் 'கலுப்பிலே' என்பார். பாஞ்சாலி அம்மனுக்குத் தீ மிதிப்பார், அந்தச் சாமிக்குப் பெயர் 'பாந்தியாலே'. முருங்கைக்கீரையும் சோறும் போட்டுவிட்டு, வீட்டுக்கு எழுதினாயா என்று தீவின் கிரியோல் பேச்சில் கேட்பார். எழுதினேன் என்பேன். ஒரு நாள் அவரே தபால்தலை வாங்கி வந்து என் கையில் வைத்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மழையும் வேர்வையும் பட்டு அது பையின் துணியோடு ஒட்டிக்கொண்டது. உரித்தால் பாதிதான் வந்தது.

கொட்டகையில் சும்மா உட்கார வெட்கமாக இருந்ததால் காலையில் வேலைக்குப் போகிறவன்போலக் கிளம்பிவிடுவேன். சலாசியிலிருந்து சௌசௌக்காய் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரிகளில் ஏறிக்கொள்வேன். அங்கே அதற்கு 'ஷூஷூ' என்று பெயர், எல்பூர் பக்கம் மலைச்சரிவு முழுக்கப் பந்தல்தான். நானூறு வளைவு ஏறி சிலாவோஸ் போனதும், சேன்த்ரோஸ் சர்ச் வாசலில் பாறையைத் தொட்டதும், மாயிதோவில் மேகம் விலகும் என்று நாள் முழுக்க நின்றதும் அப்போதுதான். லீவு யாரும் கொடுக்கவில்லை, கயலு. வேலை இல்லை, அவ்வளவுதான். சிலாவோஸ் என்பது மடகாஸ்கர் மொழிச் சொல், விட்டு வர முடியாத இடம் என்று அர்த்தமாம். உங்களுக்குச் சொல்லும்போது அதைச் சிரித்துக்கொண்டே சொல்வேன்.

ஜூலையில் கரும்பு வெட்டுத் தொடங்கினதும் எடை போடும் இடத்தில் கணக்கு எழுத எடுத்துக்கொண்டார்கள். முதல் சம்பளத்தோடு கடிதம் போட்டேன். "புயலால் தபால் தடைப்பட்டது" என்று ஒரு வரி. அம்மா அதைத் தகரப் பெட்டியில் இன்னும் வைத்திருக்கிறாள்.

மாஃபாத்தில் இவ்ரேன் போசே என்று ஒரு தபால்காரர் இருந்தார், கேள்விப்பட்டிருப்பாய். 1951இலிருந்து 1991 வரை நாற்பது வருஷம், ரோடு இல்லாத அந்தப் பள்ளத்தாக்கில் கடிதப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே ஏறி இறங்கினவர். அதைப் பின்னால் படித்தபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். நான் புயலைச் சொன்ன அந்த 1980இலும் அவர் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். நானோ சேன்ஆந்த்ரே தபாலாபீஸைத் தினமும் தாண்டித்தான் போனேன். மழை விட்ட பிறகு அது திறந்துதான் இருந்தது.

இதை அம்மாவிடம் சொன்னதில்லை. சொல்லத்தான் வேண்டும். வளையலை மீட்கவே முடியவில்லை என்பது உனக்குத் தெரியும்.

உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று யோசித்துக்கொண்டு உட்காராதே. டியூட்டிக்கு நேரமாகிவிடும். சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு. மலைக்குப் போனால் மேகம் ஏறுவதற்குள் இறங்கிவிடு. போனைச் சார்ஜில் வை. பவளப்பாறையைத் தாண்டாதே.

இந்தக் கடிதத்தை வீட்டு முகவரிக்குப் போடாமல் ஆஸ்பத்திரி முகவரிக்குப் போடுகிறேன். காரணம் ஒன்றுமில்லை. எந்த ஊரில் இருந்தாலும் உன் கையில் கொடுத்துவிடுவார்கள் என்றுதான்.

பாஸ்போர்ட் புதுப்பித்தாகிவிட்டது. புயல் காலம் தொடங்குவதற்கு முன்னால், அக்டோபரில் வரலாம் என்று பார்க்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் வருகிறேன் என்கிறாள். மொட்டைமாடியில் வடகம் காய்கிறது, இன்னும் நாலு வெயில் பட்டால் எடுத்துவிடலாம். சேன்தெனியா சேன்பியேரா, எந்த முகவரிக்குக் கட்டி அனுப்பட்டும் என்று மட்டும் எழுது. இரண்டும் எனக்குத் தெரிந்த ஊர்தான்.

அப்பா