ஒழுங்கைக்கு ஒரு வட்ஸ்அப் குழு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி மழை தொடங்கினால் திருகோணமலையில் வடிகான்களின் வண்டவாளம் தெரிந்துவிடும். எங்கள் ஒழுங்கையில் இம்முறை மழைக்கு முன்பே வேலை நடந்தது. அயலவர்கள் தொடங்கிய வட்ஸ்அப் குழுதான் காரணம். மதகுக்குள் சிக்கிய யோகட் கப்புகளையும் தென்னம் மட்டைகளையும் ஒருவர் படம்பிடித்துப் போட்டார். "ஞாயிறு விடிய மண்வெட்டியோட வாறன்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் குரல்பதிவு அனுப்பினார். தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் எல்லாமே இறங்கின, பிளேன்டீயும் வந்தது.

முன்பு இதைச் சனசமூக நிலையங்கள் செய்தன. இன்று பலவற்றில் பத்திரிகை வாசிக்கக்கூட ஆளில்லை (உங்களுக்கும் நட்டம்தானே!).

சரி, குப்பையை நாமே அள்ளலாம். உடைந்த கான் மூடியையும் எரியாத தெருவிளக்கையும் என்ன செய்வது? குழுவுக்குள் திட்டித் தீர்த்தால் அது எந்த அதிகாரியின் மேசைக்கும் போகாது. படத்தோடு, பலர் கையொப்பமிட்ட கடிதம் கொடுத்து, கிடைத்ததற்கு ஒப்பம் வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வீதிப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எங்கே செலவானது என்று எழுதிக் கேட்கலாம். தகவலைத் தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும்.

அப்புறம், காலை வணக்கப் படங்களைக் கொஞ்சம் குறையுங்கள். மூடி உடைந்த செய்தி ரோசாப்பூக்களுக்குள் காணாமல் போகிறது.

வாசகர்,
அன்புவழிபுரம், திருகோணமலை.