கருத்தரங்க அழைப்பு மடலில் தங்குமிடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகங்கள் நடத்தும் கருத்தரங்குகளுக்கு வெளியூரிலிருந்து வருவோர் எங்கே தங்கலாம், எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பதை அழைப்பு மடலிலேயே அச்சிட வேண்டும் என்றும், கட்டுரை ஏற்கப்பட்டதா இல்லையா என்பதை ரயில் முன்பதிவு தொடங்குவதற்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன்.

கடந்த கல்வியாண்டில் தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்த இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கச் சென்றிருந்தேன். பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய். இரண்டு வேளை மதிய உணவு, தேநீர், ஒரு கைப்பை, சான்றிதழ், கட்டுரைத் தொகுப்பில் ஒரு படி ஆகியவை அதில் அடக்கம். தங்குமிடம் பற்றி மடலின் பின்பக்கத்தில், புரவலர் தொடங்கி ஒருங்கிணைப்பாளர் வரை நீண்ட பெயர் வரிசைக்குக் கீழே, ‘வெளியூர்ப் பேராளர்கள் தங்கும் வசதியைத் தத்தம் பொறுப்பில் செய்துகொள்ளவும்’ என்று ஒற்றை வரி இருந்தது. வருவது எப்படி என்ற இடத்திலோ, ஊர் வான்வழி, ரயில்வழி, சாலைவழி மூன்றாலும் நன்கு இணைக்கப்பட்டுள்ளதாக எழுதியிருந்தார்கள். விமானத்தில் வந்து கட்டுரை வாசித்துவிட்டுப் போகும் உதவிப் பேராசிரியரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

என் கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி, கருத்தரங்குக்குப் பதினெட்டு நாட்கள் இருக்கும்போது வந்தது. ரயில் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது 2024 நவம்பர் 1 முதல். சென்னையிலிருந்து இரவில் தெற்கே போகும் பாண்டியன், நெல்லை, முத்துநகர் போன்ற வண்டிகளில் வார இறுதிக்குப் படுக்கை இடம் வேண்டுமானால் அந்த 60 நாட்களின் தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும். பதினெட்டு நாட்களுக்கு முன் காத்திருப்போர் பட்டியல்தான் கிடைக்கும். படுக்கை வகுப்புக்கான தட்கல் முன்பதிவு முதல்நாள் காலை 11 மணிக்குத் திறக்கும். அந்த நேரத்தில் நான் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தொல்காப்பியம் நடத்திக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய ரயில் நிலையங்களில் குறைந்த வாடகைக்கு ஓய்வறைகள் உண்டு. ஆனால் அவற்றை இணையத்தில் பதிவு செய்யப் பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண் வேண்டும், அதுவும் காத்திருப்போர் பட்டியலில் இருந்தால் செல்லாது. ஆக, ஏற்புக் கடிதம் தாமதமானதால் வண்டியும் போயிற்று, குளித்து உடைமாற்ற ஓரிடமும் போயிற்று.

கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறி, விடியற்காலை நாலரை மணிக்குப் போய் இறங்கினேன். பதிவு 9 மணிக்குத்தான். பேருந்து நிலையத்தின் கட்டணக் கழிப்பறையில், தண்ணீர் தேங்கிய தரையில் கரை நனைந்துவிடாதபடி கொசுவத்தை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேலை மாற்றினேன். மாட்டக் கொக்கி இல்லாததால் கட்டுரை இருந்த பையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். வெளியே, பிறகு அதே அரங்கில் சந்தித்த இரண்டு ஆய்வு மாணவிகள் தம் முறைக்காக நின்றுகொண்டிருந்தார்கள். பல்கலைக்கழக வாயிலில் ஆட்டோவை உள்ளே விடவில்லை. துறைக் கட்டடம் வரை நடந்தோம். சிறப்பு விருந்தினரை அழைத்து வந்த கார் எங்களைக் கடந்து சென்றது. அவருக்குக் கார் அனுப்பியதை நான் குறை கூறவில்லை, அது முறைதான். ஆனால் இரண்டு நாளும் அரங்கை நிறைத்து உட்கார்ந்திருந்தவர்கள், பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டு வந்த எங்களைப் போன்றவர்களே.

தொடக்க விழா நீண்டதால் முதல்நாள் அமர்வுகள் இருட்டிய பிறகே முடிந்தன. நகருக்குள் வந்து இரண்டு விடுதிகளில் கேட்டபோது, ‘தனியாகவா வந்திருக்கிறீர்கள்?’ என்ற கேள்வியோடு பேச்சு நின்றது. மூன்றாவது விடுதியில் ஆதார் அட்டையோடு கருத்தரங்க அழைப்பு மடலையும் எடுத்துக் காட்டிய பிறகே சாவி கிடைத்தது. தங்குமிடம் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத மனமில்லாத அந்த மடல் எனக்கு அறை வாங்கித் தந்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இது ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிய குறையன்று. நம் பல்கலைக்கழகங்கள் பலவும் ஊருக்கு வெளியே, அகன்ற நிலப்பரப்பில் அமைந்தவை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தேனிச் சாலையில் பல்கலை நகரிலும், பாரதிதாசன் பல்கலைக்கழகம் புதுக்கோட்டைச் சாலையில் பல்கலைப்பேரூரிலும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அபிசேகப்பட்டியிலும் இருக்கின்றன. மூன்றுமே நகர ரயில் நிலையத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரோ அதற்கு மேலோ. சிதம்பரத்தில் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்றவை விதிவிலக்கு. போதாக்குறைக்குப் பேருந்து நிலையங்களும் இடம் மாறுகின்றன. திருச்சியில் வெளியூர்ப் பேருந்துகள் 2025 ஜூலையில் பஞ்சப்பூருக்குப் போய்விட்டன. பழைய மடலை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அச்சிடும் வழக்கம் இருக்கும்வரை, வருபவர் எங்கே இறங்குவது என்று நடத்துநரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

நாங்கள் காரும் கேட்கவில்லை, இலவசமும் கேட்கவில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் வசதி 2021 மே முதல் இருக்கிறது. பேருந்தின் எண்ணையும் நிறுத்தத்தின் பெயரையும் சொன்னால் போதும். பல பல்கலைக்கழகங்கள் பணியாளர்களுக்காக நகரிலிருந்து வளாகத்துக்குக் காலையும் மாலையும் சொந்தப் பேருந்து விடுகின்றன. கருத்தரங்க நாட்களில் அதில் பேராளர்களும் ஏறலாம் என்று அறிவித்து, மாலை வண்டியைக் கடைசி அமர்வு முடியும்வரை நிறுத்திவைத்தால் இரவுச் சிக்கலில் பாதி தீரும். விடுமுறையில் மாணவர் விடுதிகள் காலியாகவே கிடக்கின்றன. ஒரு பாய், தலையணை, வாளி, உள்ளே தாழ்ப்பாள் போட முடிந்த குளியலறை, இவற்றுக்கு நியாயமான வாடகை தர எவரும் மறுக்கமாட்டார்கள். பருவம் நடக்கும் காலத்தில் விடுதி தர இயலாது என்றால், பெண்கள் தனியாகத் தங்கத் தடை சொல்லாத நான்கு விடுதிகளின் பெயரையும் வாடகையையும் விசாரித்து அச்சிடலாமே.

ஆய்வு மாணவர்களின் நிலை எங்களைவிட மோசம். முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்கும் முன் கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதி. 2022ஆம் ஆண்டு விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை; ஆனால் சான்றிதழின் தேவை குறைந்துவிடவில்லை. உதவித்தொகை கிடைக்காத மாணவி ஒருத்திக்குப் பதிவுக் கட்டணத்தைவிட ஓரிரவு அறை வாடகை பெரிய செலவு.

அமைப்பாளர்களின் சங்கடமும் எனக்குத் தெரியும். நிதி கடைசி நேரத்தில் வரும்; இரண்டு ஆசிரியர்களும் நாலைந்து மாணவர்களும்தான் மேடை முதல் சாப்பாடு வரை பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் கருத்தரங்கு நடத்தியபோது, ‘தத்தம் பொறுப்பில்’ என்ற அதே வரியை எழுதி அச்சகத்துக்கு அனுப்பியவள் நான்தான். அன்று வந்தவர்கள் எங்கே முகம் கழுவினார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

அடுத்து எங்கள் துறை நடத்தவிருக்கும் கருத்தரங்கின் மடலை இப்போது தயாரித்துக்கொண்டிருக்கிறோம். ஏற்புக் கடிதம் 70 நாட்களுக்கு முன் போகும். பேருந்து எண், இறங்கும் நிறுத்தம், மகளிர் விடுதியில் அறை வாடகை, விடியற்காலை 4 மணிக்கும் எடுத்துப் பேச ஆள் இருக்கும் ஒரு கைப்பேசி எண் ஆகியவை முன்பக்கத்தில் வருகின்றன. இடம் போதவில்லை என்பதால் புரவலர்களின் பெயர்களைப் பின்பக்கத்துக்கு மாற்றியிருக்கிறோம். அதற்கு முதல்வரின் ஒப்புதல் வாங்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று.

இப்படிக்கு,
தமிழ்த்துறை உதவிப் பேராசிரியை,
செங்கல்பட்டு.