நைட் டியூட்டி பார்க்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த மாதமும் உனக்கு நைட்தான் போட்டிருக்கிறார்கள், ஆள் வராத அன்று டபுள் டியூட்டியும் பார்க்கிறாய் என்று அம்மா சொன்னாள். ராத்திரி முழுக்க மற்றவர்களுக்கு பிரஷர் பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதுகிறவள், உனக்குக் கடைசியாக எப்போது பார்த்துக்கொண்டாய்?

என் சர்வீஸ் முழுக்க ஈசிஜி ரூமில் போனது உனக்குத் தெரியும். நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள்கூட "எனக்கும் ஒண்ணு எடுத்துடுங்க சார்" என்பார்கள். நம் ஸ்டாஃப் மட்டும் அந்தக் கட்டில் பக்கமே வரமாட்டார்கள். ஒருநாள் நோயாளியைத் தள்ளிக்கொண்டு வந்த சிஸ்டர் ஒருவர் தோள்பட்டையைப் பிடித்துவிட்டபடி நின்றார். "வாயுப்பிடிப்பு சார்" என்றார். தாடையும் வலிக்கிறது என்று பேச்சோடு பேச்சாக அவர் சொன்ன பிறகு வற்புறுத்திப் படுக்கவைத்தோம். வியர்வையில் ரப்பர் பல்பு நெஞ்சில் ஒட்டவே இல்லை. துடைத்துத் துடைத்து ஜெல் போட்டு எடுத்தால், இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்ற மூன்று லீடின் கோட்டிலும் எஸ்டி பகுதி ஏறி நிற்கிறது, மாரடைப்பேதான். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்ததால் பிழைத்தார். வீட்டில் இருந்திருந்தால் ஓமத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்திருப்பார்.

பெண்களுக்கு நெஞ்சுவலியோடு தாடை, முதுகு, மூச்சிரைப்பு, குமட்டல் என்றும் வரும், சிலருக்கு நெஞ்சுவலியே இருக்காது. நீ படித்ததுதான். ஆனால் தனக்கு வரும்போது படித்தவர்களுக்கும் அது வாயுவாகத்தான் தெரிகிறது.

அமெரிக்காவில் 1976-ல் நர்ஸ்களை வைத்தே ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். பல வருடம் ஷிஃப்ட் மாறி மாறி நைட் பார்த்தவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் கூடுதலாக வந்ததை அதில் கண்டார்கள். தூக்கத்தில் இறங்க வேண்டிய பிரஷர் விழித்திருந்தால் இறங்குவதில்லை. நடுராத்திரியில் சாப்பிட்டால் சர்க்கரையும் பகலைவிட அதிகமாக ஏறுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் சாப்பிடுவது என்ன? சர்க்கரை தூக்கலாக டீ, பிஸ்கட், கேன்டீன் பஜ்ஜி. எட்டு மணிக்கே வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. பசித்தால் சுண்டலோ வேர்க்கடலையோ டப்பாவில் வைத்துக்கொள். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான், ஊறுகாயும் அப்பளமும் அதற்குள் அடங்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. உன் பிரசவத்தில் பிரஷர் ஏறி, யூரினில் புரதம் போய், அவசரமாக ஆபரேஷன் செய்தார்களே. குழந்தை பிறந்ததும் எல்லோரும் அதை மறந்துவிட்டோம். அப்படி பிரஷர் வந்த பெண்களுக்குப் பின்னாளில் இதயநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. டாக்டரிடம் இதை நீயாகச் சொல், அவர் கேட்கட்டும் என்று இருக்காதே.

இன்னொன்று. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸ்களுக்கு வகுப்பு எடுத்துவிட்டு, தொடர்ந்து நைட் போடுவது நியாயமே இல்லை. டியூட்டி லிஸ்ட் போடும்போது இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேள். தனியாகக் கேட்கத் தயங்கினால் நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள். டபுள் டியூட்டிக்கு முடியாது என்று சொல்வதில் தப்பே இல்லை. பகலில் நீ தூங்கும் நேரத்தில் பிள்ளையை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும், நானே அவரிடம் பேசுகிறேன்.

இந்த வாரம் நைட் முடிந்து ஆஃப் வருகிற அன்று வெறும் வயிற்றில் சர்க்கரையும் கொழுப்பும் பார். நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு பிரஷர் பார். இடுப்புச் சுற்றளவையும் ஒரு டேப் வைத்து அள, 80 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஈசிஜியும் எடுத்துவிடு. அது நார்மல் என்று வந்தால் அடைப்பே இல்லை என்று அர்த்தமில்லை, ஆனாலும் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று கையில் வேண்டும். தெர்மல் பேப்பர் மங்கிவிடும், அன்றே ஜெராக்ஸ் எடுத்து வை. எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 12 லீடும் தெரிகிற மாதிரி அனுப்பு.

அன்புடன்,
அப்பா