யானை எதிரே வரும்போது

மயிலாடுதுறை
ஐப்பசி 18

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்துப் பதினைந்து நாள் ஆகிறது. இரண்டு முறை பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். மழை, துலாக் கட்ட முழுக்குக்கு வந்து தங்கும் உறவினர்கள், அம்மாவின் இடுப்பு வலி என்று காரணம் சொல்லலாம். உண்மையான காரணம் உன் கடிதத்தின் கடைசிப் பக்கம். தியான முகாமின் ஆறாவது வாரத்தில் ஆசிரியர் உன்னைத் தனியாக அழைத்து, "முதல் படியைத் தாண்டிவிட்டீர்கள், இனி நீங்கள் சோதாபன்னர்" என்று, அதாவது பௌத்தம் சொல்லும் விடுதலையின் நான்கு படிகளில் முதலாவதை எட்டியவர் என்று, சொன்னதாக எழுதியிருந்தாய். வேறு யாரிடமும் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த நம்பிக்கைக்கு ஒப்புக்கு ஒரு வாழ்த்து எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நீ கண்டதை நான் சந்தேகப்படவில்லை. மூச்சும் அதை அறிகிற மனமும் ஒரு கணம் சேர்ந்தே நின்றுபோய் மறுபடி எழுந்தன என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் நீ எதையும் கூட்டிச் சொல்லி நான் கேட்டதில்லை. என் தயக்கம் அந்தக் கணத்துக்குச் சூட்டிய பெயரைப் பற்றித்தான்.

2009-ல் நான் பத்து நாள் முகாமுக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். ஏழாம் நாள் நடந்ததை மட்டும் உனக்குச் சொல்லவில்லை. விடியற்காலை உட்கார்ந்திருந்தபோது உடம்பே கரைந்து வெறும் ஒளியாக இருந்தது. ஊருக்கு வந்து இரண்டு மாதம் என்ன நடந்தாலும் மனம் கலங்கவில்லை. ஏதோ ஒன்று முடிந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்புறம் அப்பா காலமானார். வயலைப் பாகம் பிரிக்க உட்கார்ந்த அன்று தம்பியை, அவன் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என்னென்னவோ பேசிவிட்டேன். கோபப்பட்டதை நினைத்து இன்று எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. மனிதனுக்குக் கோபம் வரும். ஆனால் அன்று எனக்குக் கோபம் வந்ததே தெரியவில்லை. "நான் நிதானமாகத்தான் பேசுகிறேன், நியாயத்தைச் சொல்கிறேன்" என்று முழுமனதோடு நம்பினேன். கோபம் அற்றுப்போனவன் என்ற எண்ணம் கண்ணைக் கட்டியிருந்தது. தம்பி என்னோடு நான்கு வருஷம் பேசவில்லை.

இந்தக் கதைக்கு ஒரு மூத்த கதை இருப்பது பின்னால்தான் தெரிந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் பாலி உரையாசிரியர் புத்தகோசர் இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்து எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்த நூலில் வருகிறது. அவர் தன் உரைகளில் காஞ்சியிலும் மயூரபட்டணத்திலும் தங்கியதைச் சொல்கிறார். மயூரபட்டணம் எங்கள் ஊர்தான் என்பாரும் உண்டு, மயிலாப்பூர் என்பாரும் உண்டு. எங்கள் ஊராக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மகாநாகர் என்ற முதிய பிக்கு தன்னை அரஹந்தர், அதாவது எல்லா மாசும் அற்று முழு விடுதலை பெற்றவர், என்று நம்பி அறுபது வருஷம் வாழ்கிறார். நடிப்பு இல்லை. தியானத்தின் வலிமையால் ஆசையும் கோபமும் அத்தனை காலம் தலைதூக்கவே இல்லை, அவ்வளவுதான். அவருடைய மாணவர் தம்மதின்னருக்கு விஷயம் புரிகிறது. குருவைத் தேடி வந்து வணங்கிவிட்டு, சித்தியால் ஒரு வெள்ளை யானையை உருவாக்கச் சொல்கிறார். யானை வருகிறது. அது காதை விரித்து, வாலை நீட்டி, தும்பிக்கையை வாயில் வைத்துப் பிளிறிக்கொண்டு நேரே உங்களைப் பார்த்து ஓடிவரும்படி செய்யுங்கள் என்கிறார். தான் படைத்த யானையைப் பார்த்தே கிழவர் பயந்து எழுந்து ஓடப் பார்க்கிறார். தம்மதின்னர் அவருடைய சீவர ஆடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "சுவாமி, மாசு அற்றவருக்கு அச்சம் உண்டா?" என்று கேட்கிறார். அந்த இடத்தில் மகாநாகர் கோபப்படவில்லை, சமாதானம் சொல்லவில்லை. எனக்கு உதவி செய் என்று தன் மாணவரின் காலடியில் உட்கார்ந்துவிடுகிறார். நான் அந்தக் கதையில் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இந்த இடத்தில்தான். அறுபது வருஷ நம்பிக்கையை ஒரு நொடியில் விட முடிந்ததே, அதை என்னவென்று சொல்வது!

அதே அத்தியாயத்தில் புத்தகோசர் பத்து உபக்கிலேசங்களை, அதாவது தியானத்தில் வரும் மாசுகளைச் சொல்கிறார். ஒளி, பேரானந்தம், அமைதி, சுகம், கூர்மையான அறிவு, அசையாத சமநிலை எல்லாம் அதில் வருகின்றன. நாம் ஞானத்தின் அடையாளம் என்று நினைப்பதையெல்லாம் வழியில் வரும் மயக்கங்களாக எழுதிவைத்திருக்கிறார். பட்டியலைப் படித்தபோது என் ஏழாம் நாள் அப்படியே அங்கே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிக்குகளைச் சங்கத்தைவிட்டே நீக்கும் பாராஜிகக் குற்றங்கள் நான்கு. உடலுறவு, திருட்டு, கொலை, நான்காவது அடையாத ஞானநிலையை அடைந்ததாகப் பொய் சொல்வது. கொலையோடு ஒரே வரிசையில் இதை வைத்திருக்கிறார்கள்! வஜ்ஜி நாட்டில் பஞ்சம் வந்தபோது வக்குமுதா ஆற்றங்கரைப் பிக்குகள் சிலர், இவர் இன்ன நிலை அடைந்தவர், அவர் சோதாபன்னர் என்று ஒருவரையொருவர் ஊராரிடம் புகழ்ந்துகொண்டார்கள். ஜனங்கள் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்காத சோற்றை இவர்களுக்குக் கொடுத்தார்கள். மழைக்காலம் முடிந்து எல்லாரும் புத்தரைப் பார்க்க வந்தபோது மற்றவர்கள் வாடி மெலிந்திருக்க, இவர்கள் மட்டும் கொழுத்திருந்தார்கள். அதிலிருந்து பிறந்தது அந்த விதி. அதில் ஒரு விலக்கு இருக்கிறது. அதிமானத்தால், அதாவது அடைந்துவிட்டோம் என்று உண்மையாகவே தவறாக எண்ணிச் சொன்னவர்மேல் குற்றம் இல்லை. இந்த விலக்கைப் படித்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்துபோனது. இப்படித் தவறாக எண்ணுவது மனிதருக்கு நேரக்கூடியதுதான் என்று அப்போதே தெரிந்து இடம் விட்டிருக்கிறார்கள்.

அப்படியிருக்க, ஆறு வாரத்தில் ஒருவருக்கு முதல் படி என்று சொல்லும் வழக்கம் எப்படி வந்தது? அதுவும் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். 1885-ல் ஆங்கிலேயர் பர்மாவின் தலைநகர் மாண்டலேயைப் பிடித்த பிறகு, அரசன் இல்லாத நாட்டில் சாசனத்தை, அதாவது புத்தரின் போதனையை, யார் காப்பது என்ற கவலையில் லெடி சயாடோ போன்ற பிக்குகள் இல்லறத்தாருக்கும் தியானத்தைத் திறந்துவிட்டார்கள். 1949-ல் தியான ஆசிரியரான பிக்கு மகாசி சயாடோ ரங்கூனுக்கு வந்தார். ஒன்றிரண்டு மாதத் தீவிரப் பயிற்சியில் சாதாரண மனிதரும் நிப்பானத்தை, அதாவது நிர்வாணத்தைத் தொடலாம் என்ற நம்பிக்கை பரவியது. குமாஸ்தாவும் வியாபாரியும் கண்ணை மூடி உட்கார முடிந்தது இவர்களால்தான். நீயும் நானும் உட்கார்ந்ததும் அந்த வழியில் வந்துதான். ஆனால் எண்ணிக்கையும் கூடவே வந்துவிட்டது. யார் எந்த ஞானத்தில் இருக்கிறார் என்று படிப்படியாகக் கணக்குப் பார்த்தார்கள். ஒரு ஆசிரியர் சோதாபன்னர் என்று ஏற்பவரை இன்னொரு மரபின் ஆசிரியர் ஏற்பதில்லை. ஒரே பாலி நூல்களைப் படித்தவர்களுக்குள்ளேயே இப்படி.

ஜப்பானில் நடந்தது இன்னும் வலிக்கிறது. ஜென் ஆசிரியர் யசுதானி ஹகுஉன் 1954-ல் சன்போ கியோதான் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஒரு வார முகாமிலேயே கென்ஷோ என்ற மெய்காட்சியை நோக்கி மாணவரை உந்துவார். அமெரிக்கர் பலருக்கு ஜென்னே அவர் வழியாகத்தான் கிடைத்தது. அவரே போர்க்காலத்தில் பேரரசின் போரை ஆதரித்து, யூதர்களையும் பழித்து எழுதியிருந்தார் என்பதை வரலாற்றாய்வாளர் பிரையன் விக்டோரியா வெளிக்கொண்டுவந்தார். பின்னால் அந்த அமைப்பின் தலைவரே அதற்காக மன்னிப்புக் கேட்டார். கென்ஷோ பொய் என்று நான் சொல்லமாட்டேன். காட்சி உண்மையாக இருந்தும், மனத்தின் மற்ற அறைகள் பூட்டியே கிடக்கலாம் என்பதைத்தான் அது எனக்குக் காட்டியது.

"கண்டவர் விண்டிலர்" என்று நீ சொல்வாய். அது முழு விடை இல்லை. டேனியல் இங்க்ராம் என்கிற அமெரிக்க மருத்துவர் தன்னை அரஹந்தர் என்று தன் நூலிலேயே அறிவித்தவர். அவருடைய உரிமைகோரல் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் யாரும் வாயே திறக்காவிட்டால் இது நடக்கக்கூடியதே இல்லை என்று பயில்பவர்கள் நினைத்துவிடுவார்கள் என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மௌனத்தாலும் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள முடியும், நம் ஊரில் பார்க்காததா? புத்தர் தாமே விண்டவர்தான். ஞானம் பெற்றபின் வழியில் எதிர்ப்பட்ட உபகன் என்ற ஆசீவகத் துறவியிடம் தாம் வென்றவர் என்று சொன்னார். அவன், "இருக்கலாம் நண்பரே" என்று தலையை ஆட்டிவிட்டு வேறு பாதையில் போய்விட்டான். அவர் அவனைக் கூப்பிட்டு வாதாடவில்லை.

புத்தரின் பேருரைத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒருவர் தான் முடிவை எட்டிவிட்டதாகச் சொன்னால் ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், கேள்வி கேளுங்கள் என்கிறது. உன்னிடம் நானும் அப்படித்தான் இருக்கப்போகிறேன். இன்னொரு இடத்தில், ஒருவருடைய ஒழுக்கம் கூடவே வாழ்ந்தால்தான் தெரியும், அதுவும் நெடுங்காலம் வாழ்ந்தால்தான் என்று வருகிறது. அப்படிப் பார்த்தால் இதைச் சொல்ல உரிமை உள்ளவர் ஆறு வாரம் பழகிய ஆசிரியர் இல்லை, முப்பது வருஷமாக உன்னோடு குடும்பம் நடத்தும் தங்கச்சிதான். அவளிடம் படியைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. அடுத்த ஐப்பசியில், என்னிடம் ஏதாவது மாறியிருக்கிறதா என்று மட்டும் கேள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. அதுவரை தினமும் உட்கார்வதை விட்டுவிடாதே. நானும் உட்கார்கிறேன், காலை நாலரைக்கு.

ஐப்பசிக் கடைசி நாள் முழுக்கான கடைமுகத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. தம்பி குடும்பத்தோடு வருகிறான். அன்று நடந்ததற்கு அவனிடம் நான் இன்னும் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை, இந்த முறை கேட்டுவிடுவேன். நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும். தங்கச்சியையும் கூட்டி வா, அம்மா அவளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
ராமு