எங்கள் பொத்தையைத் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள்

குவாரிகளின் சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களை ஆராயும் மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழுவில் இருக்கும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் ஒரு பொத்தை, அதாவது சின்னப் பாறைக்குன்று, தெரியும்; குவாரிக்காரர்கள் உடைத்து இப்போது அதில் பாதிதான் மிச்சம். வெடி வைத்தால் அடுக்களையில் தட்டு ஆடும். அப்புறம் டாரஸ் லாரிகள் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைப் பார்த்து வரிசையாகப் போகும்.

ஒரு குவாரிக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டுமா என்பது, மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி அது பி1 வகையா பி2 வகையா என்பதில் இருக்கிறது. தனிக் குவாரி 5 ஹெக்டேருக்குள் என்றால் பி2. மதிப்பீடும் கிடையாது, மக்கள் கருத்துக் கேட்பும் கிடையாது. அப்படி இருக்க, எவராவது முழுசாக 8 ஹெக்டேர் கேட்பாரா? 4.80 என்று ஒருவர் கேட்பார், பக்கத்துப் புல எண்ணில் 3.20 என்று அவர் மச்சினர் கேட்பார். இந்தத் துண்டு போடும் வேலையை உச்ச நீதிமன்றம் 2012-லேயே தீபக் குமார் வழக்கில் பார்த்துவிட்டுத்தான், 5 ஹெக்டேருக்குக் குறைந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கு என்றது. 2016 திருத்தமோ 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளைக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது. சரி, விதி நல்ல விதிதான். வரைபடத்தில் 510 மீட்டர் என்று காட்டினால் சங்கிலி பிடித்து அளக்கப் போவது யார்?

இன்னொன்று, இது எங்கள் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்கிறார்கள், ஆனால் குடியிருப்பு என்றால் வருவாய்ப் பதிவேட்டில் நத்தமாகவோ மனையாகவோ இருக்க வேண்டும், இல்லையென்றால் அனுமதி பெற்ற மனைப்பிரிவாக இருக்க வேண்டும். இங்கே ஊர் என்று கூட்டமாக எதுவும் இல்லை, விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, ஒரு வீடு, ரப்பருக்கும் தென்னைக்கும் நடுவில். பதிவேட்டைப் பார்த்தால் தோட்டம், உள்ளே போய்ப் பார்த்தால் தொட்டிலில் பிள்ளை.

சாலைக்கு மண்ணெடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம் என்று மத்திய அரசு 2020-இல் கொடுத்த விலக்கை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் ரத்து செய்தது. நாலுவழிச்சாலை எனக்கும் வேண்டும்தான், ஆனால் அதற்கான மண் எந்தக் குளத்துக் கரையிலிருந்து வருகிறது என்று யாராவது கேட்க வேண்டாமா?

அதனால் பி2 என்று எழுதுவதற்கு முன்னால் ஒருநாள் வாருங்கள், ஐப்பசி மழையில் வந்தால் இன்னும் நல்லது. பொத்தையிலிருந்து பாறைப்பொடி கரைந்து எங்கள் ஏலாவுக்குள், அதாவது வயலுக்குள், எந்த ஓடை வழியாக இறங்குகிறது என்று நானே கூட வந்து காட்டுகிறேன். குடையும் நானே கொண்டுவருகிறேன்.